ஊடல் மட்டும் உண்டு: ‘கோவா’ திரைப்படம் பற்றி ஒரு திறனாய்வு

சிலம்பையும் குறளையும் பற்றிய கட்டுரைகள் இடம்பெறும் சங்க மலரில் திரைப்படத்தைப் பற்றி எழுதுதல் தகுமா என்று வினவுவோர் உளர். முத்தமிழுள் நாடகமும் ஒன்றென்பதை அவர்கட்கு நினைவூட்டினால் போதும். அன்றியும் நம் நிலை தனிநிலை. வடவேங்கடத்தின் அடிவாரத்தில், சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் தமிழர்தம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். வீட்டு வாயிலைத் தாண்டிய பின்னர் அவர்கள் செவியில் விழும் தமிழ் பெரும்பாலும் திரைத்தமிழே. அத்தமிழ் அவர்கட்குச் சொற்களை மட்டுமா கற்பிக்கிறது? எதற்கு அழுவது, எதற்கு அஞ்சுவது, யாரைப் பார்த்து நகைப்பது என்பனவற்றையும் சேர்த்தே கற்பிக்கிறது. ஆதலின் அதனை எடைபோட்டுப் பார்த்தல் சங்கத்தார்க்கு உரிய பணியே என்க.

நாம் ஈண்டு எடுத்துக்கொண்ட படம் ‘கோவா’. வெங்கட்பிரபு இயக்கி, சௌந்தர்யா ரஜினிகாந்த் தயாரித்து, 2010ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 29ஆம் நாள் வெளிவந்தது. ‘சென்னை 600028’, ‘சரோஜா’ ஆகிய இரு படங்களால் இளைஞர்தம் நன்மதிப்பைப் பெற்றிருந்த இயக்குநரின் மூன்றாம் படம். யுவன் சங்கர் ராஜாவின் இசை. பண்ணைப்புரத்து இளைஞர் மூவர் ஊரை விட்டோடிக் கோவாவை அடைந்து, அங்கே இன்பமும் இடரும் எய்துவது கதை. தொடக்கத்தில் 1980களின் கிராமப் படங்களை நையாண்டி செய்யும் பகுதி நன்றாகவே அமைந்துள்ளது. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் நம் கருத்தை ஈர்ப்பன அம்மூவரின் கதைகள் அல்ல. அவர்கட்குக் கோவாவில் தங்க இடம் அளிக்கும் டேனியல், ஜாக் என்னும் இருவரின் கதையே. டேனியலாகச் சம்பத் ராஜும் ஜாக்காக அரவிந்த் ஆகாஷும் நடித்தனர். இவ்விருவரும் ஒருவரையொருவர் காதலிப்பவர்கள். ஒரே கூரையின்கீழ் இணையராக வாழ்பவர்கள்.

பெருநடிகரின் குடும்பப் பெயரோடு, ஊர்தோறும் வெளியான ஒரு வணிகப் படத்தில், இரண்டு ஆடவர் இணையராக வாழ்வதை மறைக்காமல் காட்டியது அக்காலத்துத் தமிழ்த் திரையுலகில் எளிய செயலன்று. காலத்தையும் கருத வேண்டும். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்து 377ஆம் பிரிவு, மனமொத்த இருவரிடையே தனிமையில் நிகழ்வதைக் குற்றமாகக் கொள்ளாது எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2009 சூலை 2ஆம் நாள் தீர்ப்பளித்தது. படம் வெளிவந்தது அதற்கு ஏழு திங்கள்கூட நிறைவுறாத வேளையில். நாடெங்கும் செய்தித்தாள்களில் அதே பேச்சு. தில்லித் தீர்ப்பை 2013 திசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் மாற்றியதும், 2018 செப்டம்பர் 6இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அக்குற்றப் பிரிவின் பிடியைத் தளர்த்தியதும் பின்வந்த செய்திகள். 2010இன் தொடக்கத்திலோ ஒரு கதவு அப்போதுதான் திறந்திருந்தது. அவ்வாயிலில் முதலில் நுழைந்த தமிழ்ப்படம் என்ன சொல்லப்போகிறது என்று எதிர்பார்த்தோர் பலர். நல்லதொரு வாய்ப்பு கைக்கு எட்டியது. படம் அதனை நழுவ விட்டது.

நழுவ விட்ட விதத்தைக் காட்டத் தமிழ் இலக்கணமே நமக்குக் கருவியாகும். அகவாழ்வைப் பாடப் புகுந்த நம் முன்னோர், காதல் என்பது ஒரே நிறம் உடையதன்று எனக் கண்டனர். குறிஞ்சிக்குக் கூடலும், முல்லைக்குக் காத்திருத்தலும், பாலைக்குப் பிரிவும், நெய்தலுக்கு இரங்கலும், மருதத்திற்கு ஊடலும் உரியவென வகுத்தனர். இவ்வைந்தும் மாறி மாறி வருதலாலேயே தலைவனும் தலைவியும் நம் மனத்தில் உயிருள்ள மாந்தராகின்றனர். காத்திருந்தவளின் ஊடல்தான் சுவைக்கும். பிரிந்து வருந்தியவர் கூடினால்தான் நெஞ்சம் நெகிழும். ‘கோவா’வின் திரைக்கதை டேனியலுக்கு அளித்தது யாது? ஊடல். அதன்பின்? மீண்டும் ஊடல். மூன்று இளைஞருள் ஒருவனாகிய சாமிக்கண்ணுவின்பால் (பிரேம்ஜி அமரன்) ஜாக் காட்டும் பரிவைக் கண்டு டேனியல் பொறாமை கொள்கிறான், சினக்கிறான், முகத்தைத் திருப்புகிறான், புலம்புகிறான். அவனது காதலை நாம் அறிவது அவன் ஐயத்தின் வாயிலாக மட்டுமே. ஜாக்கை அவன் எவ்வாறு கண்டான், இருவரும் எத்துணைக் காலம் சேர்ந்து வாழ்கின்றனர், ஒருவர் மற்றவரிடம் எதனைக் கண்டு நெஞ்சைக் கொடுத்தனர், அவர்களுக்கு வீட்டார் உண்டா, அவ்வீட்டார் கதவைத் திறந்தனரா மூடினரா என்பன நம் மனத்தில் தைக்குமாறு யாண்டும் சொல்லப்படவில்லை. வேரில்லாத ஊடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பரத்தையிற் பிரிந்து வந்த தலைவனிடம் தலைவி ஊடும்போது நாம் அவள் பக்கம் நிற்கிறோம். டேனியல் ஊடும்போதோ அரங்கம் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. சிரிக்க வேண்டும் என்றே அக்காட்சிகள் எழுதப்பட்டுள்ளன.

“இஃது ஒரு வேடிக்கைப் படம். வேடிக்கைப் படத்திடம் ஐந்திணையைக் கேட்பது அநியாயம்” என நண்பர் ஒருவர் நம்மை மறுத்தார். மறுப்பு ஆராயத்தக்கதே. அதே படத்தில் ஆண், பெண் இணைகளும் வருகின்றன. அவர்களைச் சுற்றியும் வேடிக்கை நிகழ்கிறது. எனினும் அவர்கட்கு நகையோடு வேறொன்றும் வழங்கப்பட்டுள்ளது. ‘இதுவரை’ எனத் தொடங்கும் பாடலை நினைவு கூர்க. ஓர் ஆணும் பெண்ணும் மனம் நெருங்குகின்ற அவ்விடத்தில் இயக்குநர் நையாண்டியைச் சற்றே ஒதுக்கி வைத்து, இசைக்கும் அமைதிக்கும் வழிவிடுகிறார். அங்கே நாம் சிரிப்பதில்லை, மகிழ்கிறோம். தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையை ஒன்றாகவும் உவகையைப் பிறிதொன்றாகவும் வைத்தார். நகைக்கு அவர் கூறும் நிலைக்களன்களுள் எள்ளலும் ஒன்று. உவகைக்குக் கூறுவனவற்றுள் கூட்டமும் விளையாட்டும் அடங்கும். சிரிப்பு வேறு, மகிழ்ச்சி வேறு என்னும் இந்நுண்ணிய வேறுபாட்டை ஆண், பெண் காதலில் அறிந்திருந்த படம், ஆடவர் இருவரிடத்தே மறந்துவிட்டது. அவர்கட்கு எள்ளல் வந்தது, உவகை வரவில்லை. வேடிக்கைப் படம் என்பது இதற்கு விடையாகாது.

நடிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்பத் ராஜ் ஆற்றல் மிக்க நடிகர். முரடர்களையும் அதிகாரிகளையும் குறைந்த சொல்லில், கண்ணின் அசைவில் காட்ட வல்லவர். அத்தகையவர் இவ்வேடத்தை ஏற்க முன்வந்ததே துணிவு. ஓங்கிய உடலும் கனத்த குரலும் உடைய ஓர் ஆடவன் இன்னோர் ஆடவனை உள்ளன்போடு நேசிப்பதாகக் காட்டியிருந்தால், பார்ப்பவர்தம் முன்முடிவுகள் பல தாமே உடைந்திருக்கும். அந்தக் குரலும் அந்த உடலும் எதற்குப் பயன்பட்டன? குழையும் கைக்கும் சுளிக்கும் உதட்டிற்கும் முரணாக நின்று சிரிப்பு மூட்டவே பயன்பட்டன. இவ்வளவு பெரிய ஆள் இப்படி நெளிகிறானே என்பதே நகைச்சுவை. நடிகர் தம் பங்கிற்குச் சில இடங்களில் ஒரு வருத்தத்தைக் கண்ணிற் கொண்டுவர முயல்கிறார். ஆயின் அடுத்த நொடியே காட்சி ஒரு கேலிக்குத் தாவி அதனை விழுங்கிவிடுகிறது. அரவிந்த் ஆகாஷின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நடனத்தில் தேர்ந்த அவருக்கு உடலால் பேசத் தெரியும். ஆயினும் ஜாக் என்பவன் எத்தகையவன் என்று அவருக்கே யாரும் சொல்லவில்லை போலும். இருவரும் ஒரு சட்டத்துள் நிற்கும்போது நெடுநாள் சேர்ந்து வாழ்ந்தோரிடம் காணும் பழக்கத்தின் எளிமை இல்லை. ஒருவர் தேநீர்க் குவளையை மற்றவர் கேளாமலே எடுத்துக் குடிப்பது போன்ற சிறு செயல் ஒன்று போதும். நூறு உரையாடல்களுக்கு அஃது ஈடாகும். பிரேம்ஜி அமரனைப் பற்றி மிகுதியாகச் சொல்ல ஏதுமில்லை. முன்னைய படங்களில் புதுமையாக இருந்த அவர்தம் முகக்குறிப்புகள் இப்படத்தில் தேய்ந்த இசைத்தட்டைப் போல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இங்கு நாம் ஒரு குழப்பத்தைச் சுட்ட வேண்டும். ஏனெனில் இஃது இப்படத்திற்கு மட்டும் உரிய குறையன்று. யாரைக் காதலிக்கிறான் என்பது ஒன்று. எவ்வாறு நடக்கிறான், எவ்வாறு கையசைக்கிறான் என்பது பிறிதொன்று. தம்மைப் பெண்ணென உணரும் திருநங்கையரின் வாழ்வோ மூன்றாவது ஒன்று. இம்மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சிரிப்புக்கு விற்பது நம் திரையுலகின் நெடுநாள் வழக்கம். பழந்தமிழர் இவ்வளவு குழம்பினாரல்லர். பேடி என்னும் பெயரை உயர்திணைக்கண் வைத்தே தொல்காப்பியர் சொல்லிலக்கணம் கூறினார். மாதவி ஆடிய பதினோராடல்களுள் பேடும் ஒன்று. அதனை ஆடியவன் காமன் எனச் சிலம்பு சொல்கிறது.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் ஊரையே பார்ப்போம். ஆண்டுதோறும் மே மாதத்தில் திருப்பதித் தாத்தய்யகுண்ட கங்கம்மன் சாத்திரை நிகழ்கிறது. பெண்களைச் சூறையாடிய பாளையக்காரனைத் தேடி அம்மன் நாளுக்கொரு வேடம் பூண்டு வந்ததாகக் கதை. கைகால குடும்பத்து ஆடவர் வழிவழியாக அவ்வேடங்களைத் தாங்கி வீதியுலா வருகின்றனர். அவர்களோடு நேர்த்திக்கடன் செலுத்தும் ஆடவர் எத்துணையோ பேர் சேலை உடுத்து, பூச்சூடி, வளையணிந்து வருவதை நாம் சிறுவயது முதல் கண்டிருக்கிறோம். மீசை மழிக்காத தந்தையர் மஞ்சள் பூசிய முகத்தோடு குழந்தையைத் தோளில் சுமந்து வருவர். யாரும் நகைப்பதில்லை, கையெடுத்துக் கும்பிடுகின்றனர். சித்தூர்ப் பகுதித் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நிகழும் இரவுகளிலும் அவ்வாறே. திரௌபதியாக நிற்பவர் பகலில் ஏர் பிடித்த ஆடவர் என்பது ஊரறிந்த செய்தி. ஆயினும் துகிலுரியும் கட்டத்தில் கிழவியர் கண்ணைத் துடைத்துக்கொள்கின்றனர். 2024 திசம்பரில் வெளிவந்த ‘புஷ்பா 2’ என்னும் தெலுங்குப் படம் இச்சாத்திரையின் கோலத்தையே எடுத்துக்கொண்டு, கதாநாயகன் அல்லு அர்ச்சுனைச் சேலையுடுத்தி ஆட வைத்தது. அரங்குகள் அதிர்ந்தன. ஒரு பெருநடிகர் சேலை உடுத்தால் அருள் வந்தது என்கிறோம். ஓர் எளியவன் கை சற்றே குழைந்தால் கைதட்டிச் சிரிக்கிறோம்.

இதனைக் கொண்டு நம் ஊர்ப் பழமை குற்றமற்றது என்று பறைசாற்ற வேண்டுவதில்லை. சாத்திரை முடிந்ததும் சேலை களையப்படுகிறது. ஆடவன் ஆடவனாக வீடு திரும்புகிறான். அவன் உண்மையில் இன்னோர் ஆடவனை நேசிப்பவனாயின் அவன் நிலை என்ன என்று அந்த அம்மன் வாயிலிலும் யாரும் கேட்பதில்லை. வேடத்திற்கு மதிப்பளிக்கத் தெரிந்த ஊர், வாழ்வுக்கு மதிப்பளிக்கும் என்பதற்கு உறுதியில்லை. கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பை இவ்விடத்தில் இழுத்து வந்து, பண்டே நம்மிடம் இஃது இருந்தது எனக் கூறுவாரும் சிலர் உளர். நட்பை நட்பாகவும் காதலைக் காதலாகவும் வைத்துப் பேசினாலே போதும். இன்று வாழ்வோர்க்கு உரிய மதிப்பைப் பெற்றுத்தரப் புறநானூற்றின் சான்று தேவையா என்ன?

திரையில் விதைத்தது தெருவில் முளைக்கும் என்பதற்கு நாம் அறிந்த ஒரு செய்தி. படம் வந்த ஆண்டில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் இருந்தார். மெல்லப் பேசுவார், கோப்புகளை அடுக்கும்போதும் கை நளினமாக இயங்கும். சில நாளில் அவருக்கு ‘டேனியல்’ என்ற பெயர் சூட்டப்பட்டது. முதலில் உணவு வேளையில். பின்னர் அனைவர் முன்னும். பின்னர் வெளியாள் ஒருவர் வந்து “டேனியல் சாரைப் பார்க்க வேண்டும்” என்று கேட்கும் அளவிற்கு. அவர் மணமானவர், இரு குழந்தைகளின் தந்தை. ஈராண்டு கழியுமுன் மாற்றல் பெற்றுக்கொண்டு வேற்றூர் சென்றுவிட்டார். பெயர் சூட்டியவர்கள் கொடியவர் அல்லர். மழை வெள்ளத்தின்போது அதே நண்பர்க்குக் கடன் கொடுத்து உதவியவர்கள்தாம். அவர்களுக்குக் கேலி செய்ய ஒரு சொல்லும், அச்சொல்லைச் சொன்னால் சிரிக்கலாம் என்ற உரிமையும் திரையிலிருந்து கிடைத்தன. அதே அலுவலகத்தில் உண்மையாகவே தன்பாலீர்ப்புடைய இளைஞன் ஒருவன் பணிபுரிந்திருந்தால், அந்த உணவு மேசையில் அவன் என்ன கற்றிருப்பான்? வாய் திறவாமல் இருக்கக் கற்றிருப்பான். உடன் சிரிக்கவும் கற்றிருப்பான்.

‘கோவா’விற்கு முன்னும் பின்னும் வந்தவற்றோடு ஒப்பிட்டால் இப்படத்தை மிகவும் கடிந்துகொள்ளத் தோன்றாது என்பதையும் நடுநிலையோடு கூற வேண்டும். 2006இல் வந்த ‘வேட்டையாடு விளையாடு’வில் கொலைகாரர் இருவரின் நெருக்கத்தையே கதாநாயகன் இழிவாகச் சுட்டிக் கேட்கிறான், குற்றத்தின் கொடுமைக்கு அதுவும் ஒரு சான்று போல. 2015இல் வந்த ‘ஐ’ படத்தில் ஒப்பனைக் கலைஞராக வரும் திருநங்கை காட்டப்பட்ட முறையை எதிர்த்துத் திருநங்கையர் தெருவில் இறங்கிப் போராட நேர்ந்தது. இவற்றோடு நோக்க, டேனியலையும் ஜாக்கையும் வெங்கட்பிரபு கொலைகாரராக்கவில்லை, நோயாளராக்கவில்லை, திருத்தி மணமுடித்து வைக்கவுமில்லை. 1998இல் ‘ஃபயர்’ திரையிடப்பட்டபோது மும்பையிலும் தில்லியிலும் அரங்குகள் தாக்கப்பட்டதை எண்ணினால், ‘கோவா’ அமைதியாக ஓடியது ஒரு வகையில் நற்செய்தியே. ஆனால் அந்த அமைதிக்குக் கொடுத்த விலை என்ன? நகைப்புக்குரியவர்களை யாரும் எதிர்ப்பதில்லை. எதிர்ப்பு எழாமைக்கு ஏற்பு காரணமா, எளிதாகக் கருதியது காரணமா என்பதில் நமக்கு ஐயமில்லை.

சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. நம் செய்தித்தாள்கள் நெடுங்காலம் ‘ஓரினச் சேர்க்கை’ என்றே எழுதிவந்தன. இச்சொல்லில் உடல் உண்டு, உள்ளம் இல்லை. ஆண், பெண் காதலை ‘ஈரினச் சேர்க்கை’ என்று எவரேனும் எழுதினால் நாம் முகம் சுளிப்போம் அன்றோ? ‘தன்பாலீர்ப்பு’ என்னும் சொல் அவ்வகையில் மேலானது. ஈர்ப்பு என்பதில் நெஞ்சுக்கு இடமுண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலை ஒட்டித் தமிழ்நாடு அரசு 2022இல் இத்துறைக்குரிய சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டது. ஏடுகள் அதனைக் கைக்கொள்ளுதல் நலம். ‘கோவா’ ஆக்கப்பட்ட காலத்தில் அப்பட்டியல் இல்லை. எனினும் நல்ல எழுத்தாளன் சொல் கிடைக்குமுன்னே பொருளை உணர்ந்துவிடுவான்.

உணர்ந்து எழுதினால் எவ்வாறிருக்கும் என்பதற்குச் சான்று அண்டை மொழியில் உண்டு. 2023 நவம்பரில் வெளிவந்த ‘காதல் – தி கோர்’ என்னும் மலையாளப் படத்தை இயக்கியவர் சியோ பேபி. மம்மூட்டி நடித்த மேத்யூ ஊரில் மதிப்புள்ளவன். உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கிறான். அவ்வேளையில் மனைவி ஓமனா (சோதிகா) மணமுறிவு கோரி நீதிமன்றம் செல்கிறாள். மேத்யூவின் நெஞ்சிற்குரியவன் தங்கன். ஊரில் வாகனம் ஓட்டக் கற்றுத்தருபவன். வியப்பு யாதெனில், படம் முழுவதிலும் இவ்விருவரும் பேசிக்கொள்ளும் சொற்கள் மிகச் சில. தழுவல் இல்லை, பாட்டு இல்லை. ஆயினும் தங்கன் ஒதுங்கி நிற்கும் நிலையிலும், மேத்யூ முகத்தைத் திருப்பிக்கொள்ளும் விரைவிலும் இருபது ஆண்டுக் காலம் தெரிகிறது. ‘கோவா’ மறந்த காத்திருத்தலும் இரங்கலும் அங்கே உள்ளன. ஓமனாவுக்கும் ஒரு வாழ்வு உண்டு என்பதை அப்படம் மறக்கவில்லை; பொய்யான திருமணத்தில் இழப்பவர் ஒருவர் மட்டும் அல்லர் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன படம் நம் மொழிகளில் அரிது. ஊரார் கேலி அங்கும் உண்டு. ஆனால் படம் ஊராரோடு சேர்ந்து சிரிக்கவில்லை. கேலி செய்யப்பட்டவனின் அருகே சென்று நிற்கிறது. மம்மூட்டியின் புகழுக்கு இதனால் குறைவு நேர்ந்ததா? இல்லை, கூடியது.

தமிழிலும் முயற்சி இல்லாமலில்லை. செயப்பிரகாசு இராதாகிருட்டிணன் இயக்கிய ‘காதல் என்பது பொதுவுடைமை’ 2025 பிப்ரவரி 14இல் வெளிவந்தது. மகள் காதலிக்கிறாள் என்று மகிழ்ந்து வரவேற்கக் காத்திருக்கும் முற்போக்குத் தாய், வாயிலில் வந்து நிற்பவள் ஒரு பெண் எனக் கண்டு தடுமாறுவதே அதன் கரு. அருமையான கரு என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. மேடையில் முழங்கும் கொள்கை வீட்டு நிலைப்படியில் இடறி விழுவதைக் காட்டும் தொடக்கக் காட்சிகளில் உரோகிணியின் நடிப்பு கூர்மையானது. ஆயினும் படம் விரைவில் பட்டிமன்றமாகிவிடுகிறது. ஒருவர் வினா எழுப்ப, மற்றவர் விடையளிக்க, ஐயங்கள் வரிசையாகத் தீர்த்து வைக்கப்படுகின்றன. எள்ளல் போயிற்று, நன்று. அதன் இடத்தில் வந்தது விளக்கவுரை. இலிசோமோல் சோசும் அனுசா பிரபுவும் ஏற்ற அவ்விரு பெண்கள் ஒருவரையொருவர் எதனால் விரும்பினர் என்பதை வாதங்களின் இடையே தேட வேண்டியிருக்கிறது. பதினைந்தாண்டுகளில் நம் திரைக்கதை ஆசிரியர்கள் இவர்களைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்தி, இவர்களைப் பற்றிப் பேசத் தொடங்கியுள்ளனர். இவர்களோடு சற்று நேரம் உட்கார்ந்திருத்தல் இன்னும் வரவில்லை.

உட்கார்ந்திருத்தல் என்று நாம் சொல்வதற்கு ஓர் எடுத்துக்காட்டு நீதிமன்றத்திலிருந்தே கிடைக்கிறது. 2021ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேசு முன் ஒரு வழக்கு வந்தது. ஒருவரையொருவர் நேசித்த இளம்பெண்கள் இருவர் வீட்டாரின் எதிர்ப்புக்கு அஞ்சிப் பாதுகாப்பு வேண்டினர். நீதிபதி உடனே தீர்ப்பெழுதவில்லை. இப்பொருள் தமக்குப் போதிய அளவு விளங்கவில்லை என வெளிப்படையாகக் கூறி, உளவியல் வல்லுநரிடம் தாமே சென்று அமர்ந்து கேட்டறிந்தார். அதன்பின்னரே சூன் 7ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். காவல்துறை அவர்களைத் துன்புறுத்தலாகாது என்றும், இத்தகையோரை ‘மாற்றுவதாக’ச் செய்யப்படும் மருத்துவ முயற்சிகள் கூடா என்றும் அவ்வாணை கூறிற்று. அவ்விரு பெண்களும் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடி வந்தவர்கள். மதுரையிலிருந்து பண்ணைப்புரம் வெகுதொலைவன்று. ‘கோவா’வில் ஊரை விட்டோடிய மூவருக்கும் திரும்பிப் போக வீடு இருந்தது.